உடைவதற்கென்றே போல்ட் கடைந்த சந்தனம் மாஸ்டர்

கோத்தகிரி லேத் பட்டறை சந்தனம் மாஸ்டர் இன்று காலை போய்விட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான். அவர் மகள் போன் செய்தபோது ஊட்டியில் ஒரு கஸ்டமருக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியிலும் பாதி போல்ட் அவர் கை வேலை.

என் தொழில் இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். பழைய எஸ்டேட் பங்களா ஷெட்டுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் சின்ன கார்டன் டிராக்டர்களை வாங்கி, ரெடி செய்து, காய்கறி விவசாயிகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் விற்கிறேன். பெயின்ட் மட்டும்தான் என் வேலை. ஓட வைத்தது மாஸ்டர்.

அந்த வண்டிகளின் போல்ட், நட்டுக்கெல்லாம் இஞ்ச் அளவு மரை. இன்று கடையில் தொங்குவது மில்லிமீட்டர் போல்ட். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது ஒரு பழைய போல்ட்டை நீட்டி, "இதே மாதிரி அம்பது வேணுங்க" என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாதிரின்னா தேஞ்ச போல்ட்டுதான் அம்பது வரும். பரவாயில்லையா தொரை?"

சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். சட்டையை இன் செய்துகொண்டு எவன் போனாலும் அவருக்குத் 'தொரை'தான். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்... அத்தனையும் நக்கல்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிக்கட்டி சரோஜா அக்காவுக்கு ஒரு வண்டி விற்றேன். பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர். அதன் கத்திகளையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். அக்கா நிலத்திலோ மண்ணைவிடக் கல் ஜாஸ்தி. கத்தி கல்லில் மாட்டும்... போல்ட் டக்கென்று உடையும்.

"ஏனுங்க தம்பி, நீங்க வித்தது டிராக்டருங்களா, போல்ட் திங்கற பிசாசுங்களா? கேரட் விதை வாங்கி வெச்சாச்சு. மழை வர்றதுக்குள்ள உழுது முடிக்கோணுமுங்க!"

நேராக மாஸ்டரிடம் போனேன். "உடையாத போல்ட்டா போட்டுக் குடுங்க."

"அது உடையறதுக்குன்னே செஞ்சது தொரை. நடுவுல ஒரு வளையம் கடைஞ்சு மெலிசாக்கி வெச்சிருக்கேன் பாருங்க. போல்ட்டு போனா அஞ்சு நிமிஷ வேலை. அது உடையாம கியர் பல்லு போனா, அந்த கியருக்கு எங்க போவீங்க?"

நான் நம்பவில்லை. உடைந்துகொண்டே இருந்தால்தானே ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்? அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் கெட்டி ஸ்டீலில் போல்ட் கடைந்து வாங்கிவந்து மாட்டினேன். அக்காவிடம், "மாஸ்டர் புதுசா செஞ்சு குடுத்தாருங்க" என்று வேறு சொன்னேன்.

இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் போன். போல்ட் ஜம்மென்று இருக்கிறது. உள்ளே கியரில் மூன்று பல் காலி.

கியரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். கூடவே இருந்த கோயமுத்தூர் போல்ட்டைப் பார்த்தாரே ஒரு பார்வை... அப்புறம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க, தொரை உடையாத போல்ட்டு கொண்டாந்திருக்காரு! தொட்டுக் கும்பிட்டுக்குங்க!"

சிரித்து முடித்ததும் வேலையில் உட்கார்ந்துவிட்டார். உடைந்த பல்லுக்கு வெல்டிங்கில் மேடு கட்டி, அரம் போட்டு ராவி ராவி, இரண்டே நாளில் புதுப் பல் கட்டினார். கியரை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறி பிக்கட்டிக்கே வந்தார்.

மாட்டியதும் தன் போல்ட்டைப் போட்டு, வேண்டுமென்றே ஒரு பாறை மேல் வண்டியை விட்டார். டக்! கை தட்டினார் மனுஷன்.

"ஒடைஞ்சதுக்கா இவ்ளோ சந்தோசமுங்க?" என்றார் அக்கா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "போன தடவையும் நீங்க செஞ்ச போல்ட்டுத்தானுங்களே போட்டிருந்துச்சு. அது ஏன் ஒடையாம பல்லு போச்சுங்க?"

நான் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் வண்டி கேட்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஊரில் என் வியாபாரம் க்ளோஸ்.

மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது, நான் யார் பெயரைச் சொல்லி விற்றேன் என்று. என்னைப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பினார்.

"கல்லு கொஞ்சம் பெருசுங்க அக்கா."

அக்கா விதை போட்ட மறுநாள் மழை பிடித்தது. அந்த இரண்டு பேரும் வண்டி வாங்கினார்கள்.

கியர் மாட்டிய அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் மாஸ்டரிடம் கேட்டேன், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று.

"நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லுங்க தொரை... தைரியம் வர்றப்ப."

சொல்லிவிட்டு ஊட்டி வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை.

சரோஜா அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கல் பெரிதில்லை. அது மாஸ்டர் போல்ட்டும் இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியும், வெளியே வாங்கி அவர் பெயரைச் சொல்லி மாட்டியவன் நான்.

நாளைக் காலை கோத்தகிரியில் அடக்கம். வாருங்கள், அங்கே எல்லார் முன்னாலும் திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

மாஸ்டர்... சொல்லிவிட்டேன். நீங்க கிளம்புங்க.