மருதோண்டிக் கை

தொலைக்காட்சித் தொடரில் பழைய காலத்துப் பெரிய கடையொன்றைத் திறக்கிறார்கள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு துணிகளைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

கல்முனையில் என் சிறுவயதில் உம்மா கடைக்குப் போனதில்லை. பெருநாளுக்கு வாப்பா கடையிலிருந்து சாரிக் கட்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கசங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"கைய வெச்சிராத புள்ள," என்ற உம்மாவின் மடியில் நீலச் சாரி இருந்தது. அவர் அடுப்படிக்குப் போன நேரம், புதுத்துணி வாசத்துக்கு ஆசைப்பட்டு மஞ்சள் சாரியைத் தூக்கினேன். கையில் மருதோண்டி இன்னும் காய்ந்திருக்கவில்லை.

வாசலில் வாப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. "எது புடிச்சிரிக்கி?"

அடுப்படியிலிருந்து வந்த உம்மா மஞ்சளில் பட்ட கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறை உள்ளே போகும்படி மஞ்சளை மடித்தார். "இதான்."

நீலம் திரும்பிப் போனது.

திரையில் ஒருத்தி துணியை விரிக்கிறாள். பக்கத்தில் இருக்கும் உம்மா சொல்கிறார்: "அந்த நீலம் வடிவா இரிக்கி, என்ன புள்ள?"