சின்னச் சுத்தியல் யார் கையில்

சித்தப்பாவை நான் சந்தேகப்பட ஆரம்பித்தது, அவர் கையில் சின்னச் சுத்தியலைப் பார்த்த அன்றைக்குத்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள் என்று தீர்மானமாக நம்பிய வயது.

கம்பளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. தேயிலைத் தோட்டங்களுக்கு, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி அடிப்பது வேலை. இரும்பை நீட்ட ஒரு பக்கம் ஒடுங்கிய சுத்தியல், பிடியில் ஆணியை அறைந்து பரப்ப உருண்டைத் தலைச் சுத்தியல் எல்லாம் சுவரில் தொங்கும். ஆனால் அதிகாரம் சின்னச் சுத்தியலுக்குத்தான். அதை வைத்திருப்பவர் மறு கையில் குறட்டால் பழுத்த இரும்பை அடைகல்மேல் பிடித்துக்கொண்டு, அதில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டுவார். எதிரே நிற்பவர் சம்மட்டியைத் தூக்கி அங்கேயே போடுவார். வெறும் அடைகல்லில் ‘டிங்’ என்று தட்டினால் அடியை நிறுத்த வேண்டும். காற்றடிக்கும் மோட்டார் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது.

அப்பா காட்டுவார், சித்தப்பா அடிப்பார். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அந்த வருஷம் திடீரென்று இடம் மாறிவிட்டது. சித்தப்பா தட்டிக் காட்ட, அப்பா கூலியாள் மாதிரிச் சம்மட்டி தூக்கினார். அம்மாவிடம் கேட்டால், “ஒனக்கு எதுக்கு அது? படிக்கிற வேலையப் பாரு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, இவளும் கூட்டு என்று முடிவு கட்டினேன். தோட்டத்து ஆட்கள் வந்தால் அப்பாவை முந்திக்கொண்டு கத்தியை வாங்கிப் பார்ப்பதும் சித்தப்பாதான். பட்டறையைச் சுருட்டப் பார்க்கிறார், வேறென்ன? அப்பா தெருவில் நிற்கப் போகிறார் என்று பயந்து அழுதும் இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை சின்னச் சுத்தியலைக் கோழிக் கூட்டுக்குள் ஒளித்தேன். வேறொன்றை எடுத்துவிடுவாரே என்று சுவரில் தொங்கிய மற்ற இரண்டையும் சேர்த்தே ஒளித்தேன்.

கத்திகளை அன்றே கொடுக்க வேண்டியிருந்தது. தேடிச் சலித்த சித்தப்பா ஒரு கம்பியால் இடம் காட்டினார். நாலைந்து அடி சரியாகத்தான் விழுந்தது. பிறகு இரும்பைத் திருப்புவதற்காகக் கம்பியால் அடைகல்லைத் தட்டினார். எனக்கே கேட்கவில்லை. கையை உயர்த்தி, “அண்ணே, போதும்!” என்று கத்தினார். அப்பா நேராக அவரைப் பார்த்தபடியே சம்மட்டியை இறக்கினார். அது குறட்டில் விழ, குறட்டுப் பிடி துள்ளிச் சித்தப்பாவின் பெருவிரலை நொறுக்கியது.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் அடித்தார் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூர எனக்குச் சந்தோஷம். ஆட்டோவில் சித்தப்பா, “நான்தாண்ணே கைய எடுக்கப் பிந்திட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போதாவது ஒப்புக்கொள்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வெளியே தெரிந்தால் தோட்டங்கள் வேறு பட்டறையைத் தேடிப் போய்விடும் என்று மூவரும் மூடி மறைத்திருந்தார்கள். அதை நான் அறியப் பிறகு பல மாதங்கள் ஆயின.

ஆஸ்பத்திரியில் சித்தப்பாவை உள்ளே கொண்டுபோனதும் அம்மா பின்னாலேயே ஓடினாள். அப்பா என் தோளில் கையை வைத்தார். என்றைக்கும் அப்படித் தொடாதவர்.

“படி வந்தா சொல்லு புள்ள” என்றார்.

அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு அப்பா என் பக்கம் வந்துவிட்டார் என்ற பெருமையில், ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.