காற்றுக்கு ஒரு மன்றம்

பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், எல்லோரும் ஏதாவது ஒரு மன்றத்தில் சேர வேண்டும் என்றார் வகுப்பாசிரியை. நான் இலக்கிய மன்றத்துக்குக் கை தூக்கினேன்.

"அது மேடையேறிப் பேசுற பிள்ளைங்களுக்கும்மா. நீ பசுமை மன்றத்துக்குப் போ" என்றார். நான் பேசி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வேறெதிலும் இடம் கிடைக்காதவர்களைத் தள்ளிவிடும் மன்றம் அது. விசேஷ நாட்களில் பதாகை பிடிப்போம். போன வருஷம் பட்டுப்போன கன்றின் குழியிலேயே புதுக் கன்றை வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்வோம்.

என் தோழியும் அங்கேதான் வந்து சேர்ந்தாள். இருவருக்கும் கடலூருக்குத் தெற்கே, ரசாயனக் கம்பெனிகளை ஒட்டிய ஊர்கள். ஒரே பஸ்ஸில் திருப்பாதிரிப்புலியூருக்குப் படிக்க வருவோம். எங்கள் பக்கத்துக் காற்றில் நாளுக்கொரு நாற்றம். டவுன் பெண்களுக்கு அது தெரியாது. நாங்கள் உட்கார்ந்தால் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்காருவார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "ஒங்க யூனிஃபார்ம்ல இன்னாடி ஒரு மாதிரி ஸ்மெல்லு? தொவைக்க மாட்டீங்களா?"

துவைப்போம். துவைத்ததை அந்தக் காற்றில்தானே காயப்போட வேண்டும்.

அன்று பஸ்ஸில் தோழி சொன்னாள்: "நம்மளே ஒரு மன்றம் ஆரம்பிப்போம்டி. தெனம் எந்த ஊர்ல இன்னா நாத்தம்னு போர்டுல எழுதுவோம். நாறுறது நாம இல்லன்னு தெரியட்டும்."

அறிவியல் டீச்சர் சிரித்துக்கொண்டே சரி என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். 'காற்று மன்றம்' என்று பெயர் வைத்தோம். சைக்கிள் ஸ்டாண்டில் ஓரமாகக் கிடந்த பழைய கரும்பலகையைக் கழுவித் துடைத்து, வாசல் பக்கம் மாட்டினோம். காலையில் வந்ததும் அவரவர் ஊர்ப் பெயருக்கு நேரே எழுதுவோம். அழுகின பலாப்பழம். நெயில் பாலிஷ். எரிந்த ரப்பர். ஒன்றுமில்லாத நாளில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதுவோம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு டவுன் பெண்களே வந்து, "இன்னைக்கு ஒங்க ஊர்ல இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெஞ்சில் நகர்ந்து உட்காருவது நின்றது. அந்தப் பள்ளியில் நான் நிமிர்ந்து நடந்த காலம் என்றால் அதுதான்.

ஒருநாள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஊருக்கு நேரே, 'நெயில் பாலிஷ். ராத்திரி தம்பிக்கு மூச்சு வாங்கிச்சு' என்று எழுதினாள். யாரோ அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த நாளே தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அறையில் கம்பெனிக்காரர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்குக் குடிநீர் மெஷின் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தவர்.

"நாத்தம் எங்கதான் இல்ல? மீன் மார்க்கெட்டுல இல்லியா? போர்டு மாட்டியா வச்சிருக்காங்க?" என்றார் தலைமையாசிரியை.

கம்பெனிக்காரர் கோபப்படவே இல்லை. "நல்லா எழுதுறீங்க பாப்பா. அப்பா எங்க வேல பாக்குறாரு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா அவர்கள் கம்பெனியில்தான் காண்ட்ராக்டில் டிரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பெருமையாகவே சொன்னேன். அந்தக் கேள்வி எதற்கென்று அப்போது புரியவில்லை.

இரண்டொரு நாளில் அப்பாவைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகலிலேயே வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "படிக்கத்தான அனுப்புனேன்? ஒனக்கு மன்றம் ஒரு கேடா? பேசாம படிச்சிட்டு வர்றதுக்கு இன்னா?"

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியைக்கு முன்னால் கை கட்டி நின்றார். "சின்னப் புள்ள, தெரியாம எழுதிடிச்சி டீச்சர். இனிமே எழுதாது. நீங்க ஒரு வார்த்த அவுங்ககிட்ட சொல்லணும்." அப்பா யாரிடமும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. 'தெரியாம' என்ற சொல்தான் என்னை அறுத்தது. தெரிந்துதான் எழுதினோம்.

வெளியே வந்தபோது கரும்பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று மன்றம் பசுமை மன்றத்தோடு சேர்க்கப்பட்டதாகப் பிரேயரில் அறிவித்தார்கள். அதற்குச் செயலாளர், என் தோழி.

"நானாடி கேட்டேன்? குடுத்தாங்க" என்றாள், பேட்ஜைக் குத்திக்கொண்டே. "நீயும் வா. உள்ள இருந்துகிட்டே ஏதாவது செய்யலாம்."

போனேன். அப்பாவைத் திரும்ப வேலைக்கு எடுத்திருந்தார்கள். போகாவிட்டால் மறுபடியும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் போனேன்.

அந்த வருஷ அறிவியல் கண்காட்சி சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. தெர்மாகோலில் ஒரு தொழிற்சாலை செய்திருந்தோம். சுற்றிலும் பிளாஸ்டிக் மரங்கள், குளத்தில் வாத்து. ரயிலில் அது நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனது நான். நடுவர்கள் வந்ததும், தொழிலும் இயற்கையும் கைகோத்து வாழ்வதைப் பற்றித் தோழி கணீரென்று பேசினாள்.

நடுவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஒங்க ஊர்லயும் இப்புடித்தான் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள் அவள்.

"இல்ல சார்" என்றேன் நான். வாய் தானாகத் திறந்துகொண்டது. நாற்றத்தைச் சொன்னேன், அந்தத் தம்பியின் மூச்சைச் சொன்னேன், போர்டுக்குப் பெயின்ட் அடித்ததையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்புடியா? இதையும் தனியா ஒரு புராஜெக்டா பண்ணலாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

திரும்பும் ரயிலில் யாரும் என்னோடு பேசவில்லை. கடலூர் நெருங்கும்போது தோழி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்கப்பாவுக்குத் திரும்ப வேல போச்சின்னா, போர்டு மாட்டலாம்னு சொன்ன நான்தான் அதுக்கும் காரணம்னு சொல்லுவியாடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே பஸ்ஸில் வெவ்வேறு சீட்டில் உட்கார்ந்து மீதிப் படிப்பை முடித்தோம்.

இப்போது நான் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். போன மாதம் பள்ளியின் பழைய மாணவியர் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பசுமை மன்ற விழா. சிறப்பு விருந்தினர், மன்றத்தை அந்தக் காலத்திலேயே வளர்த்தெடுத்த முன்னாள் செயலாளர். அவள் இப்போது அதே கம்பெனியில் ஆபீஸ் வேலையில் இருக்கிறாள். காற்று மன்றம் என்று ஒன்று இருந்ததே என்று குழுவில் எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதற்கடியில் சாப்பாடு உண்டா என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இன்னும் அதே கேட்டுக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறார்.

"ஒன் ஃபிரெண்டுதான கெஸ்ட்டு? போய்ட்டு வாயேன்" என்றார். "அந்தப் பொண்ணு பொழைக்கத் தெரிஞ்சது."

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.