காரணம்: வயிற்றுவலி

காகிதம் பறந்து கிழியும் என்பதால் மின்விசிறியைப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை மாதத்து மதுரையில், ஜன்னல்கள் சாத்திய ஓர் அறையில், நாங்கள் இரண்டு பெண்கள் பழைய மரண விசாரணைக் காகிதங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கூட இருந்தவள் படம் எடுப்பாள். நான் கையெழுத்தைப் படித்து, செத்தது யார், எந்த ஊர், என்ன காரணம் என்று தட்டச்சு செய்வேன். பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருஷம் வேலை பார்த்ததில் பழைய கூட்டெழுத்து எனக்குப் பழகியிருந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் எனக்குச் சோறு போட்டது தமிழ் எழுத்துதான்.

எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய சாவுகள். ஊரில் யாராவது அகாலமாக இறந்தால், கிராம முன்சீப் சில பெரிய மனிதர்களைக் கூட்டி, பிணத்தைப் பார்த்து, உறவுக்காரர்கள் சொன்னதை எழுதி மேலே அனுப்புவார். ஆண்கள் பலவிதமாகச் செத்திருந்தார்கள். பனையிலிருந்து விழுந்து, பாம்பு கடித்து, வரப்புச் சண்டையில் வெட்டுப்பட்டு. பெண்கள் பெரும்பாலும் கிணற்றில் கிடந்தார்கள். காரணம் என்ற இடத்தில் வயிற்றுவலி என்று இருக்கும். வலி தாங்காமல் விழுந்துவிட்டாளாம். முதலில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போகப்போக, முதல் எழுத்தைக் கண்டதுமே என் விரல்கள் மீதியைத் தானாக அடிக்க ஆரம்பித்தன. அதைக் கவனித்த அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன்.

ஒருநாள் அவள் படம் எடுப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, இது எங்க ஊரு."

திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் அவளுடையது. முன்னோர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். அப்பா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். காகிதத்தில் இருந்த புருஷனின் பெயரும் அவன் தகப்பன் பெயரும் அவள் வீட்டில் இன்றும் சொல்கிற பெயர்கள்.

"எங்க தாத்தாவோட தாத்தாக்கா. செத்தது அவரோட மூத்த சம்சாரம். எங்க வீட்டுச் சாமியே அவதான். வருசா வருசம் சேல வச்சுக் கும்பிடுறோம். தண்ணி எடுக்கப் போன எடத்துல தெய்வமாயிட்டான்னு சொல்லுவாக."

புருஷன், மாமியார், தலையாரி மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். செத்தவளின் தாய் சொன்னது மட்டும் தனித்தாளில் இருந்தது. கீழக்குயில்குடிக்காரி. மகள் அடி தாங்காமல் வைகையைக் கடந்து நடந்தே தன்னிடம் வருவாள் என்றும், ஒவ்வொரு தடவையும் தானே திரும்பக் கூட்டிப்போய் விட்டதாகவும், கடைசித் தடவை வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை என்றும் சொல்லியிருந்தாள். என் மகளுக்கு வயிற்றுவலி கிடையாது என்று முடித்திருந்தாள். கீழே அவளுடைய கட்டைவிரல் ரேகை. அதற்கும் கீழே வேறொரு கையெழுத்தில், காரணம்: வயிற்றுவலி.

நான் சத்தமாகப் படித்து முடித்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். எழுமலையில் கட்டிக்கொடுத்த தங்கை கையில் மாவுக்கட்டோடும் சின்ன மகளோடும் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றும், அப்பா அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட நாள் பார்க்கிறார் என்றும் சொன்னாள்.

"நீங்க வந்து இதைப் படிச்சுக் காட்டுங்கக்கா. நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை அதன் நகலை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அப்பா எனக்கு நாற்காலி போட்டு, கலர் வாங்கி வரச் சொல்லி, மரியாதையாகத்தான் உட்கார்ந்து கேட்டார். அம்மா வாசற்படியில் நின்றாள். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தங்கை சுவரோரம் இருந்தாள். நான் அந்தத் தாய் சொன்னதைப் படித்தேன்.

"அந்தக் காலத்துல யாரு என்னத்த எழுதுனாகளோ," என்றார் அப்பா. "அது சாமிம்மா. சாமியப் பத்தி இப்படிப் பேசுனா குடும்பத்துக்கு ஆகாது."

"அப்பா, இவ கையப் பாருங்கப்பா," என்றாள் மூத்தவள்.

"மாப்ள வந்து மன்னிப்புக் கேட்டுட்டாருல்ல? புள்ளைக்குப் பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது. இன்னும் எம்புட்டு நாளைக்கு இங்கயே வச்சிருக்கச் சொல்ற?"

தங்கை தலையை நிமிர்த்தாமலே, "நான் போறேன்ப்பா," என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த வாரமே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அம்மாதான் கூடப் போனாள்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து, ஒரு முற்பகலில், எங்கள் அறை வாசலில் அந்த அம்மா வந்து நின்றாள். தனியாக பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

"தாயி, அன்னைக்கு வாசிச்சியே, அந்தக் காயிதத்தப் பாக்கணும்."

காகிதக் கட்டு ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தது. படம் இருந்தது. கணினித் திரையில் எடுத்துக் காட்டினேன். எழுத்து அவளுக்குத் தெரியாது. எது அந்தத் தாயின் ரேகை என்று கேட்டாள். அதைப் பெரிதாக்கினேன். திரை முழுக்கக் கருநீலக் கோடுகள். நடுவில் மை அப்பி ஒரு திட்டு. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மக இந்தத் தடவ பஸ்ஸுல ஒரு வார்த்த பேசலத்தா," என்றாள். "தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன். அதுக்கும் பேசல. அவள விட்டுட்டு வந்த நாள்ல இருந்து சோறு எறங்கல எனக்கு."

படம் எடுத்துக்கொண்டிருந்த மூத்தவள் ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழவில்லை. எழுமலை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு ஆரப்பாளையம் போனோம். மகள் கூடவே ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாக அந்த அம்மா என்னிடம், "வாரேன் தாயி," என்றாள்.

அன்று அவர்கள் தங்கையைக் கூட்டி வந்துவிட்டார்கள். உடுத்தியிருந்த துணியோடு வந்தாள். குழந்தையை அனுப்ப மறுத்துவிட்டார்கள். மாமியார் உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாளாம். ஊர்க்காரர்கள் கூடி நின்று, போறவ போகட்டும், வம்சத்துப் பிள்ளையை எதுக்கு விடணும் என்று பேசினார்களாம். அப்பா மனைவியிடமும் மகள்களிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவும் தங்கையும் இப்போது செல்லூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். குழந்தையைக் கேட்டு வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போவார்கள், வேறு தேதி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வேலையும் ஒரு நாள் முடிந்தது. நான் தட்டச்சு செய்த பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே வயிற்றுவலி என்றுதான் இருக்கிறது. காகிதத்தில் உள்ளதை மாற்றக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. தாயின் வாக்குமூலத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள். கை கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாக. என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் சேலை பார்த்து முடிக்கும் வரை கூடவே நின்றாள். பிறகு சிறுபிள்ளைகள் பகுதிக்குக் கூட்டிப்போய், ஒரு மஞ்சள் பாவாடையைத் தன் இடுப்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

"புள்ள இப்ப எம்புட்டு ஒசரம் இருப்பான்னு தெரியலக்கா," என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. பெரியதாகவே எடு, வளர்ந்தாலும் ஆகும் என்று சொன்னேன்.