முக்காடு போட்ட சூரியகாந்திகள்

நஸ்மியேயால் சும்மா உட்கார முடியாது. ஊரில் பாதி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள். தையல் மிஷின் ஒன்றுதான் அவளை ஓரிடத்தில் பிடித்து வைத்திருந்தது. இந்தக் கோடையில் அதுவும் நடக்கவில்லை. ஒரு மடிப்புத் தைப்பதற்குள் எழுந்து பின்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். தோட்டத்துச் சுவரோரம் வரிசையாக நின்ற சூரியகாந்திகளுக்கு முன்னால், டீ கிளாஸும் கையுமாக அவள் கணவன் ரெம்ஸி உட்கார்ந்திருப்பான். மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? போன கோடையில் அதே இடத்தில் ஒரு தேனீ அவன் கழுத்தில் கொட்டியது. அந்த ஊரில் தேனீ கொட்டாதவர்கள் யார்? வெங்காயத்தைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ரெம்ஸிக்கோ உதடு வீங்கி, தொண்டை அடைத்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்ததால் பிழைத்தான். "இன்னொரு தடவை கொட்டினா ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. இந்த மருந்து ஊசி எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ஊசி நஸ்மியேயின் ஏப்ரன் பையில் இருந்தது.

மனுஷன் திருந்தினானா? வசந்தம் வந்ததும் மறுபடியும் விதை ஊன்றிவிட்டான்.

"நம்ம த்ராக்கியா சீமை முழுக்க சூரியகாந்திதான். ஊரைச் சுத்தி இருக்கிற வயல் போதாதுன்னு வீட்டுக்குள்ள வேறயா?" என்று கத்தினாள்.

"ஆயுசு பூரா அறுவடை மிஷின் ஓட்டினவன் நஸ்மியே. நான் வயல்ல இறங்கறப்போ எல்லாம் காஞ்சு, கருத்து, தலை தொங்கி நிக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்து செத்த பூவைத்தான் பாத்திருக்கேன். உசிரோட இப்பதான் பாக்குறேன்."

"அதைப் பாத்துட்டு நீ சாகணுமா?"

அவன் சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூக்கும் காலம் நெருங்க, வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வயலோரம் இறக்கினார்கள். நஸ்மியேயின் தூக்கம் சுத்தமாகப் போயிற்று.

விதை முற்றி, பூவின் முதுகு மஞ்சளானதும் குருவி கொத்தாமல் இருக்கத் துணிப்பை கட்டுவது அங்கே வழக்கம். நஸ்மியே மிச்சமிருந்த நெட் துணியில் பைகள் தைத்தாள். ரெம்ஸி காபிக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எல்லாப் பூவுக்கும் மாட்டிவிட்டாள். இதழ்கள் அப்போதுதான் பிரிந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுக்காரி குல்தானே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வீட்டுல கல்யாணமா? பூவே இன்னும் விரியல, அதுக்குள்ள முக்காடு போட்டுட்டே?"

"குருவித் தொல்லை அக்கா."

"வெறும் பூவுல குருவிக்கு என்னடி வச்சிருக்கு? தேனீ உள்ள போகாட்டி அத்தனையும் பதராத்தான் போகும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"போகட்டும்" என்றாள் நஸ்மியே.

ரெம்ஸி வந்தான். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான்.

"குருவிக்கா?"

"குருவிக்குத்தான்."

"சரி."

ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு அந்த ஒற்றைச் சொல் ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

தேனீக்கள் வந்தன. நெட் துணியில் முட்டின, சுற்றின, போய்விட்டன. ரெம்ஸி இரண்டொரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தோட்டத்துப் பக்கமே போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தான், டீ ஆறியது. நஸ்மியேவுக்கு இப்போது பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கால் ஜன்னலுக்கு ஓடியது. காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்து தப்புத் தப்பாகத் தைத்தாள்.

ஒரு சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு அவன் எதிரில் நின்றாள்.

"ஏன் தோட்டத்துக்குப் போக மாட்டேங்கிற?"

"வெயில்."

"பொய் சொல்லாதே."

"நீ குருவின்னு சொன்னப்போ நான் ஏதாவது சொன்னேனா?"

அவளுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுதா? தெரிஞ்சா அப்பவே கிழிச்சு எறிய வேண்டியதுதானே!"

"எறியத்தான் நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி நீ குறட்டை விட்டே. ஒரு வருஷமா ராத்திரி எந்திரிச்சு என் மூக்குல கை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தவ. உன் தூக்கத்தை நான் எப்படிக் கிழிக்கிறது?"

அவன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அழுகையை அடக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பல பூக்கள் வாடிவிட்டிருந்தன. கடைசியாக விரிந்த நாலைந்துதான் மிச்சம். முடிச்சுகளை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பைகளைப் பிய்த்தாள். ரெம்ஸியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தன் தலைத்துணியை உருவி அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள்.

"புழுங்குது நஸ்மியே."

"புழுங்கட்டும்."

ஒரு ஸ்டூலை அவனுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரன் பையில் ஊசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு தேனீ வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. பூவின் நடுவில் இறங்கி, காலெல்லாம் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு உழன்றன. ரெம்ஸி மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

"பாரு, பாரு! அங்க பாரு நஸ்மியே, எப்படி உருளுதுன்னு!"

"நீ அதைப் பாரு" என்றாள் அவள். "நான் உன்னைப் பாத்துக்கிறேன்."