சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

சாவு வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். வந்தவர்களும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. மற்ற நாளில் நான் கடைக்கு உப்பு வாங்கக் கிளம்பும்போது "போறேன்" என்றால்கூட, திரும்பக் கூப்பிட்டு "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு, நான் பிளஸ் டூ முடித்த வருஷம், நுழைவுத் தேர்வு மார்க் வந்த மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்கள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அண்ணனுக்கு மார்க் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் முந்தின வருஷமே பிளஸ் டூ முடித்தவன். மார்க் போதவில்லை என்று அப்பா அவனை இம்ப்ரூவ்மென்ட் எழுத வைத்தார். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து அதே பரீட்சையை மறுபடி எழுதுவது. அப்போதெல்லாம் அது எல்லா ஊரிலும் நடந்தது. அதனால் பொறியியல் நுழைவுத் தேர்வை அவனும் நானும் ஒரே வருஷம் எழுதும்படி ஆனது. அவனுக்கு டியூஷன், தனி அறை, காலையில் அவித்த முட்டை, வீட்டில் இருந்த ஒரே நல்ல ஃபேன். எனக்கு அவனுடைய பழைய கைடு. அதில் பாதிப் பக்கங்களை அவன் புரட்டியதே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பாலக்கரையில் இருந்த ப்ரௌசிங் சென்டருக்கு அப்பாவோடு நாங்கள் இரண்டு பேரும் மார்க் பார்க்கப் போனோம். ரோடு வரைக்கும் கூட்டம். முதலில் என் நம்பரைத் தட்டினார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு. அப்பா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "செரி, பையன் நம்பர போடுங்க" என்றார். அண்ணனுக்கு நாற்பத்தொன்று. அப்பா அண்ணன் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனார், வண்டியில் ஏற்றிக்கொண்டார், போய்விட்டார். நான் வந்திருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அண்ணன் அறைக்கதவு சாத்தியிருந்தது. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "ஒம் மார்க்க யாருகிட்டயும் சொல்லாத. அவன் மனசு ஒடஞ்சிடும். மூஞ்சிய சாதாரணமா வெச்சிக்க" என்றாள். பசியில் இருக்கிறவள் மூஞ்சி வேறு எப்படி இருக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். துக்க வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சோறு வருவதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

சாயங்காலம் எங்கள் ஸ்கூல் கணக்கு சார் சைக்கிளில் வந்தார். கையில் லட்டுப் பொட்டலம். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, "வூட்ல மனசு செரியில்லீங்க சார், இன்னொரு நாளு வாங்க" என்று அனுப்பிவிட்டு, பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பிறகு எல்லோருக்கும் அது மறந்துபோனது. எறும்பு மொய்த்த பிறகுதான் எடுத்துக் கொட்டினார்கள். எனக்கு வந்த லட்டை எறும்பு தின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் திட்டக்குடியிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஆம்பளப் புள்ளைக்கு இப்புடி ஆயிடுச்சே" என்று அழுதாள். அம்மாவும் அழுதாள். தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போதுதான் அத்தைக்கு என் ஞாபகம் வந்தது.

"இவளும் எழுதுனாள்ல? எவ்ளோ?"

"அவ சும்மா எழுதுனா அண்ணி. ஏதோ வந்திருக்குது" என்றாள் அம்மா.

"எண்பத்தாறு" என்றேன். "அண்ணன விட டபுளு. ஏதோ வரல, படிச்சி வாங்குனது."

அப்பா எழுந்து நின்றார். "சாவு வூட்ல வந்து சிரிக்கிற மாரி பேசுறியே, அறிவிருக்குதா ஒனக்கு?"

"யாருப்பா செத்தா?" என்று கேட்டேன்.

அப்போது அறைக்கதவு திறந்தது. அண்ணன் கைலியோடு வந்து நின்று, "பசிக்குதும்மா, சோறு ஆக்கு" என்றான். வந்திருந்தவர்கள் அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. அம்மாவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கே அப்பா முடிவு சொன்னார். அண்ணன் இன்னொரு வருஷம் இம்ப்ரூவ்மென்ட் எழுதுவானாம். அவன் ஒரு காலேஜில் சேர்ந்த பிறகு என்னைப் பற்றி யோசிப்பார்களாம். "அண்ணன் வூட்ல ஒக்காந்திருக்க, தங்கச்சி இன்ஜினியரிங் போனா ஊரு என்னா பேசும்?" எங்கள் அப்பா செராமிக் பட்டறை வைத்திருந்தவர். பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்வார். சூளையில் வெந்து கோணிப்போன கட்டையை மறுபடி சூளையில் வைத்தால் நிமிராது என்று வேலையாட்களிடம் தினமும் கத்துகிறவர். அந்த மனுஷன்தான் அண்ணனை மூன்றாவது முறையாக அதே பரீட்சைக்கு அனுப்பக் கிளம்பினார். என்னைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்று பயந்தவருக்கு, அவனைப் பார்த்து ஊர் பேசுவது காதில் விழவில்லை.

கவுன்சிலிங் தேதி பேப்பரில் வந்தது. என் ரேங்குக்கு உரிய நாளில் சென்னைக்குப் போய் காலேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாள் போனால் சீட்டும் போச்சு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு சூளை பிரிக்கிற வேலை இருக்குது" என்றார். தனியாக அனுப்பவும் மாட்டார். நான் அழவில்லை. அழுதால் அதையும் அண்ணனுக்காக அழுவதாக நினைத்துக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்ப வேண்டிய காலையில் அண்ணன் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அம்மா, "ஒனக்கு எப்புடிடா மனசு வரும்?" என்றாள்.

"எம் மனசு எம் மனசுங்கறீங்க. என்ன யாராவது கேட்டீங்களா?"

அப்பா பட்டறைக்குப் போயிருந்தார். எனக்கு அவன் மேல் நன்றி வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபமும் வந்தது. இதை அத்தை உட்கார்ந்து அழுதபோது சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன்தானே. அவனிடம் நான் அப்படியே சொன்னேன். "ஆமா" என்றான்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்பை மாட்டினேன். படியிறங்கினேன். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்னடி, சொல்லிட்டுப் போ."

"சாவு வூட்ல சொல்லிக்கிட்டா போவாங்க?" என்றேன்.

அண்ணன் என் பையை வாங்கிக்கொண்டான். தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டோம். பின்னாலிருந்து, நான் சொல்லாத வார்த்தைக்குத் தானே பதில் சொல்வது போல, அம்மா "போயிட்டு வா" என்று கூப்பிட்டுச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.