டோர்சிலா வீட்டின் முதல் தூண்

கணவன் இறந்தபின் டோர்சிலா அவுவோர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஒழுகாத வீடு. சியாயா மாவட்டத்தின் செம்மண்ணில் எழுந்த அவளது குடிசையின் ஒரு சுவர் மாரியில் சரிந்துவிட்டது. கூரைப் புல்லைக் கறையான் தின்றிருந்தது. மழை பெய்தால் இரு மகள்களையும் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, தான் மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, ஊரில் வயதுவந்த ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் மாதந்தோறும் ஒரே அளவு பணம் அனுப்பத் தொடங்கியது. வேலை கேட்கவில்லை, நிபந்தனை விதிக்கவில்லை. அது பிசாசின் பணம் என்று சிலர் மறுத்தார்கள்.

"பிசாசு வந்தா வரட்டுமே, ஒழுகுற தண்ணிக்கு வாளி பிடிக்க ஒரு ஆளாச்சு" என்றாள் டோர்சிலா.

அந்தப் பணம் நன்மை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுப்பு அணையவில்லை. மகள்கள் பள்ளியை விட்டு நிற்கவில்லை. பெண்கள் சேமிப்புக் குழுவில் அவள் முறை வந்தபோது தகரமும் மரமும் ஆணியும் வாங்கிவிட்டாள்.

வாங்கியவை முற்றத்திலேயே கிடந்தன. அவர்களது லுவோ இனக் குடும்பங்களில் மனைவி தன் வீட்டுக்குத் தானே தூண் நடுவதில்லை. கணவன் இல்லாவிட்டால், அவன் வழி ஆண் ஒருவன் குழி தோண்டி முதல் தூணை ஊன்ற வேண்டும். மீறினால் 'சிரா' என்னும் சாபம் பிடித்துப் பிள்ளைகள் உடல் வற்றிச் சாவார்கள் என்பது நம்பிக்கை. அத்தகைய வீட்டின் கூரையில் எந்தத் தச்சனும் ஏறமாட்டான்.

எஞ்சியிருந்தவன் கொழுந்தன் ஒபிலோ ஒருவனே. முன்பெல்லாம் பஞ்ச மாதங்களில் அவன் அவள் அடுப்படியில் வந்து குந்துவான். ஒரு வாரச் சாப்பாட்டுக்கே தூண் நட்டிருப்பான். அப்போது அவளிடம் தகரம் இல்லை. இப்போது தகரம் இருந்தது. அவனுக்குப் பசி இல்லை.

"ஒரு குழி, ஒரு கம்பு. அவ்வளவுதானே தம்பி? கோழி அடிச்சுப் போடுறேன்."

"கோழியா? நான் வாங்கித் திங்கமாட்டேனா அண்ணி? எனக்கும்தான் மாசாமாசம் போன் அடிக்குது."

"வேற என்னதான் வேணும்?"

"ஓடைக்கரை நிலம். அஞ்சு போகம் நான் பயிர் வச்சுக்கறேன்."

"அது எங்க சோறுடா!"

"சோறு விலைக்குக் கிடைக்கும். உனக்குத்தான் சும்மா பணம் வருதே."

கிணற்றடியில் பக்கத்து வீட்டு மிக்காலிடம் சொல்லி அழுதாள்.

"எல்லாருக்கும் சமமாத்தான் குடுக்கறாங்க, அலேகோ பொண்ணே" என்றாள் மிக்கால், அவள் பிறந்த ஊர்ப்பெயரால் அழைத்து. "கடப்பாரையை மட்டும் ஆம்பளைகிட்ட விட்டுட்டாங்க."

"நீயே நடும்மா" என்றாள் மூத்த மகள். ஒரு காலையில் டோர்சிலா கடப்பாரையைக் கையில் எடுத்தும் விட்டாள். குடிசைக்குள் சின்னவள் இருமினாள். மழை தொடங்கியதிலிருந்து விடாத இருமல். சிராவை டோர்சிலா முழுதாக நம்பவில்லை. ஆனால் அந்த அரை நம்பிக்கையின்மைக்கு மகளைப் பணயம் வைக்க முடியவில்லை. கடப்பாரையைக் கொண்டுபோய் ஒபிலோவின் வாசலில் வைத்தாள்.

தேநீர் ஆறுவதற்குள் அவன் வேலை முடிந்தது. சில வாரங்களில் வீடு எழுந்தது. அறக்கட்டளையினர் வந்து தகரக் கூரையைப் படம்பிடித்து மகிழ்ந்தார்கள்.

அறுவடையானதும் ஓடைக்கரை மக்காச்சோளம் ஒபிலோவின் குதிருக்குப் போனது. மாதம் பிறந்து பணம் வந்ததும், அதில் பெரும்பகுதியைச் சோளத்துக்கு விலையாக அவன் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டு, டோர்சிலா சாக்கை விரித்தாள்.

"கொஞ்சம் குமிச்சு அளந்து போடு தம்பி. என் நிலத்துச் சோளம்தானே."

"கூரை ஒழுகுதா அண்ணி?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்றவன், சோளம் அளக்கும் தகர டின்னின் வாயை உள்ளங்கையால் வழித்துச் சமன்செய்தான்.